ஆட்டம் பார்த்தல்

நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை காலை
ஆடுகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள்.
யாராவது கைதட்டினால் ஆடு நிற்கும்.
உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார்கள்,
முதுகெலும்பை விரலால் தடவுவார்கள்,
அப்புறம்தான் விலை.

அதைத் தாண்டி, கோட்டை நிழலில்
துப்பாக்கிக்காரர்கள் துணி விரித்திருந்தார்கள்.
ஹிலால் என்னைக் கூட்டி வந்தது அதற்கு.
போர்வெல் மோட்டார் ஷாஃப்ட்டில்
முடியளவு கோணலையும் கையால் சொல்லிவிடுவேன் என்று
இஸ்கி பட்டறையில் ஒரு பேச்சு.
பாதி பொய்.
மீதி, சட்டைப்பையில் உள்ள ஃபீலர் கேஜ்.

துரைப்பழம் என்பதில்
பகரமும் ழகரமும் அவருக்கு வராது.
துரை என்பதோடு நிறுத்திக்கொள்வார்.
சம்பளம் கொடுப்பவர் சம்பளக்காரனைத்
துரை என்று கூப்பிடும் பட்டறை
வேறெங்கும் இருக்காது.

"துரை, இரும்பு இரும்புதானே. பார்."

காலி என்றான் விற்பவன்.
ஆறு ஓட்டையிலும் கண்ணை வைத்தேன்.
ஆறு துண்டு வெயில்.
நான் வாழ்நாளில் சுட்டதில்லை.
ஆனால் சுழல்கிற எதற்கும்
ஒரே சட்டம்தான்:
நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

சுத்தியை மெல்ல இழுத்தேன்.
டக். அறை பூட்டியது.
டக்.
டக்.
நான்காவது தயங்கியது.
சுத்தி பின்னால் போய் உட்கார்ந்த பிறகும்
உருளை வந்து சேரவில்லை,
கட்டைவிரலால் தள்ளினேன், வந்தது.

குழலுக்கும் உருளைக்கும் நடுவே தகடுகளை விட்டேன்.
பதினைந்து போனது. இருபது போனது.
இருபத்தைந்து உரசிக்கொண்டே போனது.
திருகுத் தலைகள் கடிபட்டிருந்தன,
அளவு சேராத ஸ்க்ரூடிரைவர், அவசரக் கை.
பார்க்கிற இடமெல்லாம் புது மெருகு.

குழலுக்குள் பார்க்க வெள்ளையாக ஏதாவது வேண்டும்.
நேற்று வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதை மடித்து
உருளை விலகிய இடத்தில் செருகினேன்.
வெளிச்சம் மரைமேல் சுருண்டு சுருண்டு ஏறியது.
அழகு. அதையும் சொல்லியாக வேண்டும்.

மெடிக்கலில் என் எக்ஸ்ரேயை
இப்படித்தான் டியூப்லைட்டை நோக்கிப் பிடித்தார்கள்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
மேஜைப் பக்கம் திரும்பி, ஃபிட் என்றார்கள்.

கடைசியாக உருளையின் முகம்.
ஐந்து அறைகளின் வாயைச் சுற்றிக் கரி வளையம்.
அந்த நான்காவது மட்டும் சுத்தம்.
தயங்கும் என்று தெரிந்த கை
நிரப்பாமலே வைத்திருந்திருக்கலாம்.
அல்லது
அதன் முறை வருமுன்
வேலை முடிந்திருக்கலாம்.

ஹிலால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினோரு வருடத்தில்
அவர் எனக்காகப் பேசாமல் நின்றது
அந்தப் பத்து நிமிஷம்தான்.
இன்னும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்,
தேவையில்லாமல்.

தயக்கத்தைச் சொன்னேன்.
கரியைச் சொல்லவில்லை,
விலையில் அதற்குக் கட்டம் கிடையாது.

நானூற்று இருபது முந்நூற்றுப் பத்தானது.
குறைந்த நூற்றுப் பத்து ரியால்
என் ஒரு மாதச் சம்பளம், ஓவர்டைம் நீங்கலாக.
ஒரு பல் தேய்ந்ததற்கு
அவ்வளவு.

போலீஸ் அனுமதிச் சீட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு,
துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
வண்டியை நான் ஓட்டினேன்.
"சரிபண்ண முடியுமா?"
"துளி வெல்டு வைத்து அரம் போட்டால் போதும்.
இரண்டு மணி நேரம்."
பர்கத் அல் மவுஸ் தோப்புகள் வந்தன, போயின.
"வேண்டாம். அது தயங்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
இஸ்கி ரவுண்டானாவில் சட்டைப்பையைத் தொட்டேன்.
கேஜ் இருந்தது. ரசீது இல்லை.
துணிக்குள்ளே, இரும்போடு போயிருக்கிறது,
நான் அனுப்பிய தொகையும்
என் மனைவியின் பெயரும்
அவர் மடியில்.

அதையும் கேட்கவில்லை.