விதி இரண்டு

கல்லடிப் பிள்ளைகள் இல்லத்தில்
மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில்
கடிதங்களை ஆங்கிலமாக்குவது என் வேலை.
ஒன்று, துக்கம் எழுதக்கூடாது.
இரண்டு, எதுவும் கேட்கக்கூடாது.
சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள்.

டிலுக்‌ஷனா எழுதியிருந்தாள்:
"உங்கட ஊரிலயும் கடல் இருக்கா?
அது ஒருநாளும் வீட்டுக்க வரலயா?"

'எங்கள் கடல் மிக அழகானது'
என்று தட்டச்சிட்டு
ஸ்தோத்திரம் சொல்லி முடித்தேன்.

மாசியில் பதில்.
காசோலையை ஃபாதர் எடுத்துக்கொண்டார்,
படம் இவளுக்கு:
பின்லாந்துக் கிழவர் ஒருவர்
உறைந்த கடலின் மேல், நாயோடு.

சோறு ஆறும்வரை பார்த்திருந்தாள்.
"மறுகா இது எழும்பாதா, மிஸ்?"
எழும்பாது.
"எங்கட கடலுக்கும் இப்பிடிச் செய்யச் சொல்லி
எழுதுங்க."

விதி இரண்டு.

ஒரு சொல் குறையாமல்
எழுதினேன்.