பாதி நேரம் நின்றவை

கிளைபேதா துறைமுகத்தில் பிப்ரவரி.
டிக்கெட் கூண்டின் கம்பியில் கேமராவைக் கட்டி
இருபது நொடிக்கு ஒன்றாய்
இருபத்திரண்டு படங்கள் எடுத்தேன்,
எட்டேகால் படகு ஆளேற்றும்போது.

இரவு, அடுப்படி மேசையில் மடிக்கணினி.
பீட்ரூட் சூப் ஏடு படிந்துகொண்டிருந்தது.
எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
மென்பொருளுக்குக் கட்டளையிட்டேன்:
ஒரே இடத்தில் பாதி நேரத்துக்குமேல்
எது நின்றதோ அதை வைத்துக்கொள்,
மற்றதைத் துடை.

துடைத்தது.
கடற்காகங்கள் போயின.
பள்ளிப் பைகள், தள்ளுவண்டி,
சில்லறை தேடிய கைகள்,
வாயிலிருந்து வந்த புகை, எல்லாம் போயிற்று.
பெய்துகொண்டிருந்த பனி போய்
பெய்து முடித்த பனி இருந்தது.

மிஞ்சியவை:
படகு.
மிதிவண்டியில் சாய்ந்து கைப்பேசி பார்க்கும் பையன்.
கம்பத்தில் கட்டிய நாய், வால் இல்லாமல்.
ஏழு நிமிடமும் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

கொஞ்சம் கர்வம்தான் எனக்கு.
நிழலை ஒரு கோடு ஏற்றினேன்,
நீலத்தை இறக்கினேன், மறுபடி ஏற்றினேன்.
கோப்புக்குப் பெயர் 'கடைசி'.
அதற்கு முன்பே மூன்று 'கடைசி' இருந்தன.

காலையில் கூண்டின் துவாரம் வழியே
கைப்பேசியை நீட்டினேன்:
இன்னும் முடியவில்லை, சும்மா பாருங்கள்.

கேப்டன் ஷிவிலே பார்த்தார்:
"தளம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
கேள்வி வந்தால் என்னிடம்தான் வரும்."
காபி விற்கும் நெரிங்கா:
"கடல் இத்தனை அமைதியென்றால்
யார் உள்ளே ஒதுங்குவார்கள்? கொஞ்சம் குளிராக்கு."
தௌமந்தாஸ் மட்டும்
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
படத்தை விரலால் விரித்து விரித்துத் தேடினார்.
"எட்டேகால் படகா?
அன்றைக்குக் கயிறு நான்தானே."
ஆமாம்.
"எங்கே நான்?"

ஏழு நிமிடமும் அங்கேதான் இருந்தார்.
கயிற்றில் இருந்தார், சாய்பலகையில் இருந்தார்,
யாருடைய சக்கர நாற்காலிக்கோ பின்னால் இருந்தார்.
எதிலும் பாதி நேரம் இல்லை.
சொன்னேன்.
"ஓ, வேலை செய்திருக்கிறேன்" என்றார்,
"அதுதான் காணோம்."
சிரித்தார். கையுறை இன்னும் பல்லில்.
அடுத்த படகு ஊதிவிட்டது.

அன்றிரவு அடுக்கைப் பிரித்தேன்.
ஒன்பதாவதில் ஓரமாய் ஓர் ஆரஞ்சு முழங்கை.
பதினைந்தில் முதுகு.
பதினாலில் குனிந்திருக்கிறார்,
கயிறு அவர் கையிலும் இல்லை, கரையிலும் இல்லை.
ஒரு மறைப்பு வரைந்து, தூரிகையை மெல்லிதாக்கி
அந்த ஒருவரை மட்டும் உள்ளே விட்டேன்,
இருபது விழுக்காடு.

"பேய்" என்றார் மறுநாள்.
ஐம்பது விழுக்காடு:
"என் அண்ணன் சாயல். அவன் சரியாகக் கட்டமாட்டான்."
வியாழக்கிழமை ஆத்திரத்தில்
இருபத்திரண்டு தௌமந்தாஸையும்
முழுசாக இறக்கிவிட்டேன் ஒரே துறையில்.
கேப்டன் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இத்தனை பேருக்குச் சம்பளம்?"
நெரிங்கா அதையே கேட்டு வாங்கி
காபி எந்திரத்தில் ஒட்டிவைத்தாள்,
தளம் சாய்ந்தபடி,
ஓரத்தில் என் அழிப்பானின் தடம் தெரிய.
கழற்றச் சொன்னேன். கழற்றவில்லை.
அதற்குள் யாரோ நாய்க்குப் பேனாவால் வால் போட்டிருந்தார்கள்.

இப்போது பதினோராவதில் இருக்கிறேன்.
எழுபதில் அவர் நிற்கிறார்,
கயிறு மட்டும் நூறில்.
சரியா, தெரியவில்லை.
பனியைத் திரும்பக் கொண்டுவரலாமா,
அதுவும் தெரியவில்லை.
பெய்யாத பனியின் கீழ்
நனைந்த தோளோடு ஒருவர் இருக்கிறாரே.

மாலைக் கடைசிப் படகுக்குக் காட்டினேன்.
ஈரக் கட்டைவிரலால் தொட்டு
தன் முகத்தைத் தாண்டிப் போய்
முடிச்சைப் பெரிதாக்கிப் பார்த்தார் நெடுநேரம்.
"முடிந்துவிட்டதா?"
இல்லை.
"நாளைக்கு எனக்கு லீவு" என்றார்,
"அவசரப்பட்டு முடித்துவிடாதே."