இருபத்தைந்து அடி

குழி தோண்ட வந்தவள்
முதலில் அண்ணாந்து பார்த்தாள்.
பைன் கிளை. மின்கம்பி. மேற்கே எழும் காற்று.
"இங்கே வேண்டாம்" என்றாள் மார்லிஸ்,
டேப்பின் நுனியை வேலியில் மாட்டியபடி.

இருபத்தைந்து அடி தள்ளி
சுண்ணாம்புத் தூளில் ஒரு வட்டம்.

கோடை முழுக்க மிசௌரி ஆற்றில் பொறுக்கிய
உருண்டைக் கற்களை வெர்னன் காட்டினான்.
ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினாள்,
தேங்காயில் நீர் பார்ப்பதுபோல.
"உள்ளே ஆறு இன்னும் இருக்கிறது.
சூடேறினால் வெடிக்கும்."

சரளை, தீச்செங்கல், இரும்பு வளையம்.
ரசீதின் அடியில் பென்சிலில்:
வாளித் தண்ணீர் உங்கள் பொறுப்பு.

முதல் தீ மூட்டிய இரவு
மொன்டானாவில் உறைபனி.
எல்லோரும் நாற்காலியை இழுத்து
நெருங்கி உட்கார்ந்தார்கள்.

கற்கள் மட்டும்
குழாயடியில், எட்டி,
ஆற்றை விடாமல்.