பொருத்தம்

லூனா மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்ததை
முதலில் கண்டது ஆரபிதான்.
"அம்மா, இதுக்கும் என்ர வருத்தம்."
சிரித்தேன். அடுத்த கிழமை சிரிக்கவில்லை.

அம்பகாமத்துக் காட்டில் ஏழு வருடம்
என் கயிற்றின் மறுமுனையில் நடந்த நாய்.
மூக்கு மண்ணில் ஊரும், நிற்கும், குந்தும்.
குந்தினால் கீழே வெடி.
கல்லுக்கும் வேருக்கும் ஒருநாளும் குந்தியதில்லை.
மண்ணுக்குள் இருப்பதைப் பிழையில்லாமல் வாசித்த உடம்பு
தன்னைப் பிழையாய் வாசித்திருக்கிறது.

கிளிநொச்சி மிருக வைத்தியர் கொப்பியில் கீறிக் காட்டினார்.
எலிக்கும் நாய்க்கும் மனிசருக்கும்
ஒரே குடும்பத்து மரபணுக்களாம்,
இழையப் பொருத்தம் பார்க்கிறவை.
ஒவ்வொரு கலமும் தன் உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து
வாசலில் தூக்கிப் பிடிக்க வேணும்,
அடையாள அட்டை மாதிரி.
காவலுக்கு நிற்கிறவை பார்த்துவிட்டு விடுவினம்.
சில பரம்பரையில் அந்தப் பிடி கொஞ்சம் கோணல்.
சொந்தத் துண்டு அந்நியமாய்த் தெரியும்.
பிறகு கணையத்தின் சிறுதீவுகளை ஒவ்வொன்றாய்

அந்த இடத்தில் பேனை நின்றது.
நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

வரிசையில் நின்றிருக்கிறேன், அட்டையை நீட்டியபடி.
சாக்குக்குள் இரண்டு கண். ஒரு தலையாட்டல்.
அண்ணனின் அட்டையில் ஒரு பிழையும் இல்லை.

"மரபணு இருந்தும் வராமல் போறவை கனபேர்.
வேறென்னவோ ஒன்றும் சேர வேணும்.
என்னவென்று எனக்குத் தெரியாது" என்றார்.
தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர்.
அதுக்காகவே நம்பினேன்.

எனக்கும் ஆரபியின் தகப்பனுக்கும் ஏழு பொருத்தம் என்றார்
புளியங்குளத்துச் சாத்திரியார்.
இந்தப் பொருத்தம் அவருடைய கொப்பியில் இல்லை.

குளிர்ப்பெட்டிக் கதவில் இப்போது இரண்டு குப்பி.
ஒன்றில் மகளின் கையெழுத்தில் "நாய்".
விடிய ஆறரைக்குத் தன் வயிற்றைக் கிள்ளி ஏற்றுகிறாள்.
பிறகு லூனாவின் பிடரித் தோலைத் தூக்கி,
"நோகாதடி" என்கிறாள். பொய்.

போன செவ்வாய், கரண்ட் இல்லாத இரவு.
பாயில் கிடந்த ஆரபியின் வாயருகே லூனா மணந்தது.
நின்றது.
குந்தியது.

ஏழு வருடப் பழக்கம், என் கால்கள் தாமாகவே உறைந்தன.
பிறகுதான் விரலில் குத்திப் பார்த்தேன்: நாற்பத்தெட்டு.
இருட்டில் சீனிப் போத்தலைத் தட்டி விழுத்தி
நிலத்திலிருந்து அள்ளி அவள் வாயில் போட்டேன்.

லூனா அசையவில்லை.
வெடி கண்டால் நான் எறிகிற சிவப்புப் பந்துக்காக
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.