நூற்றுப் பதினோரு இரவுகளுக்கான ஒத்திகை

நிலவறைத் தரையில்
நீல ஒட்டுநாடாவால் கோடு இழுத்தோம்.
ஐந்தேகால் மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம்.
ஆறாம் தளம், உள்ளறை,
ஜன்னல் கிடையாது, விலை பாதி.
ஓரெஸ்ட் முழங்காலிட்டு மூலைமட்டம் வைத்துப் பார்த்தான்.
தானியக் கொட்டகை கட்டியபோதுகூட
இத்தனை நேர்த்தி பார்த்தவனில்லை.

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
நான் நீச்சலுடையை மடித்துக்கொண்டிருந்தேன்.

சஸ்காட்செவனில் பிறந்தவர்களுக்குக்
கடல் என்பது வரைபடத்தின் ஓரத்து நீலம்.
எங்கள் கோதுமை வயலைப் பார்த்து
'அப்படியே கடல்தான்' என்று சொல்லிப்போன
ஆலங்கட்டிக் காப்பீட்டு முகவரை நினைவிருக்கிறது.
அவர் கடலையும் பார்த்ததில்லை,
அன்று வயலையும் சரியாகப் பார்க்கவில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்த வயதில் வேண்டாம்
என்றார் மருத்துவர்.
வேண்டாம் என்பதற்கும் ஒரு சான்றிதழ்,
முத்திரை குத்தி, நாற்பது டாலர்.
இரத்த அழுத்த மாத்திரை நூற்றுப் பதினொன்று;
கப்பல் தாமதித்தால் என்று
ஓரெஸ்ட் இன்னும் இருபது எண்ணிச் சேர்த்தான்.
விதை வாங்கும்போதும் இப்படித்தான்:
எலிக்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு.

விருந்து இரவுகள் பதினான்கு, கறுப்புக் கோட்டு கட்டாயம்.
அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
கடைசியாக அணிந்தது
அண்ணன் மெத்தோடியின் அடக்கத்துக்கு.
உள்பையில் அன்றைய ஜெபச்சீட்டு இருந்தது.
எடுத்தான், கண்ணாடி போட்டுப் படித்தான்,
திரும்ப அதே பையில் வைத்தான்.
'அவனும் வரட்டும்.
அவனுக்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டார்கள்.'

படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று,
ஒரு கேள்வி தவிர.
கட்டில்கள் சேர்த்தா, பிரித்தா?
நீ எழுது என்று நான் நகர்த்தினேன்.
பேனா தீர்ந்துவிட்டது என்று அவன் நகர்த்தினான்.
குறட்டை என்ற காரணத்தில்
அவன் மாடியறைக்குப் போய்
ஒன்பது குளிர்காலம் ஆகிறது.
குறட்டை என்னவோ உண்மைதான்.

அன்றிரவு ஒத்திகை.
நீலக் கோட்டுக்குள் இரண்டு முகாம் கட்டில்,
நடுவே ஒரு பெட்டி,
குளியலறைக் கதவுக்குப் பதில் ஒரு நாற்காலி.
எந்தக் கொக்கி யாருக்கு என்பதில் தொடங்கியது சண்டை.
எங்கேயோ போய்,
மகள் திருமணத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தில் நின்றது.
எழுந்து விறுவிறுவென்று நடந்தான்,
கோட்டைத் தாண்டி, உறைபெட்டியின் பக்கம்.
'ஓரெஸ்ட்,' என்றேன், 'நீ நிற்பது கடலில்.'
கீழே பார்த்தான்.
காலுறையோடு இரண்டு கைகளையும் வீசி
நீந்தி வந்தான், அறுபத்தொன்பது வயதில்,
நாற்காலியைச் சுற்றி, கதவு வழியாக.

விளக்கை அணைத்தோம்.
ஜன்னலில்லா இருட்டு வேறு ஜாதி இருட்டு.
சூடேற்றும் உலை உறுமத் தொடங்கியதும்
'எஞ்சின்' என்றான்.
சற்றுப் பொறுத்து, 'இப்போது எங்கே இருக்கிறோம்?'
'பனாமா தாண்டிவிட்டோம்.'
'அதற்குள்ளா?'
குறட்டை வரும் என்று காத்துக் கிடந்தேன்.
அவன் மூச்சும் காத்திருந்தது.

காலையில் பயண முகவர் ஷார்லின் அழைத்தாள்.
இன்றே பதில் வேண்டுமாம், சேர்த்தா பிரித்தா.
ஓரெஸ்ட் தொண்டையைச் செருமினான்.
விதை விலை பேசும் குரலில்,
'முதல் வாரம் சேர்த்துப் போடுங்கள்.
அப்புறம் கடல் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.'

பெட்டியைத் தானியத் தராசில் ஏற்றினோம்.
முக்கால் கிலோ அதிகம்.
அவன் காலணியை எடுக்கக் குனிந்தான்.
வேண்டாம், இரு என்று
அடியில் கை விட்டுத் துழாவி
என் வெந்நீர்ப் பையை வெளியே எடுத்தேன்.