தசம் இரண்டு

"என்ன ரவை அக்கா வேணும்?" என்றான் கடைப்பெடியன்.
எங்களூரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வீடு.
ஒன்றில் உப்புமா வேகும்.
மற்ற வீட்டைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
பேப்பரில் அதைச் சன்னம் என்று எழுதுவார்கள்,
சன்னமான பொருள் என்று
சின்னவயதில் நான் நினைத்திருந்தேன்.

இப்போது பையில் வாங்குகிறேன், ஆயிரம் ஆயிரமாய்,
ஆறு மில்லிமீட்டர், பிளாஸ்டிக்,
பலூனுக்கு மட்டும்.

டச் பே கடற்கரையில் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில்
என் பலகை. அறுபத்துநாலு பலூன்.
ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு,
ஒன்றின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும்.
கடல் பக்கம் சிராஜுதீன் கச்சான் வறுக்கிறான்.
தரைப் பக்கமிருந்து கச்சான் அடிக்கிறது.
பெயர் ஒன்றுதான்;
ஒன்றை விற்றுச் சாப்பிடுகிறான்,
மற்றது வந்து அவன் அடுப்பை அணைக்கிறது.

முதல் வருசம் தசம் ஒன்று இரண்டு கிராம் போட்டேன்.
மலிவு. மஞ்சள் நிறம்.
குழலை விட்டு வதந்திபோல வெளிக்கிடும்,
நாலு முழம் தாண்டினால் காற்றின் பிள்ளை.
குறி சிவப்புப் பலூனில்,
விழுவது சிராஜுதீனின் தாச்சியில்.
அவன் ஏசுவான். நான் சிரிப்பேன்.
தவறும் ஒவ்வொரு சூடும் எனக்கு லாபம்.

மர்ழியா என்றொரு பிள்ளை, ஒன்பது வயதிருக்கும்.
பதினொரு தரம் சுட்டாள்.
ஒவ்வொரு தரமும் கண்ணாடியைக் கழற்றி
சட்டையில் துடைத்துப் போட்டாள்.
பிறகு தாயிடம் மெல்லச் சொன்னாள்:
"உம்மா, என்ட கண் இன்னும் பழுதாப்போச்சு."

அன்றிரவு மஞ்சள் பையைக் கட்டி மேலே போட்டேன்.

தசம் மூன்று வாங்கிப் பார்த்தேன்.
காற்று அதை அசைக்கவில்லை.
ஆனால் என் ஸ்பிரிங் கிழடு.
பாதிவழியில் களைத்து
மணலில் போய் உட்கார்ந்துகொண்டது.
ஆகவே தசம் இரண்டு.
காற்றுக்குக் கொஞ்சம் கொடுத்து,
மிச்சத்தைக் குறிக்குக் கொடுக்கும் பாரம்.

பாரம் மட்டும் போதாது.
முகம்பார்க்கும் கண்ணாடியில் உருட்டுவேன்:
நேராய் ஓடாதது வேண்டாம்.
நகத்தால் தடவுவேன்:
அச்சின் தையல் தட்டுப்பட்டால் வேண்டாம்.
ஹோர்லிக்ஸ் போத்தல் தண்ணீரில் விடுவேன்:
மற்றவை விழ, தயங்கித் தயங்கி இறங்கும் சில.
வயிற்றில் காற்றுக்குமிழி.
பொய்யர்களை இப்படிப் பிடிக்க முடிந்தால்
நான் இருமுறை கல்யாணம் கட்டியிருக்க மாட்டேன்.

பிறகு மான்கள்.
கோட்டைப் பக்கமிருந்து இரவில் இறங்கி
கடற்கரையில் கிடப்பதையெல்லாம் மேயும்.
அவற்றுக்காகச் சோளமாவில் செய்ததை வாங்கினேன்,
மண்ணோடு மண்ணாய்ப் போகுமாம், மூன்று மடங்கு விலை.
அது எங்கள் காற்றைக் குடித்து வீங்கி
குழலில் இறுகிக்கொண்டது.
பால்மா ரின்னில் பச்சையரிசியோடு போட்டு வைக்கிறேன்.
மாதம் அரை ரின்னுக்குத்தான் காசு காணும்,
மிச்சம் பிளாஸ்டிக்.

மர்ழியா மறுபடி வந்தாள், ஹஜ் பெருநாளுக்கு அடுத்த நாள்.
பத்தில் நாலு.
பரிசில்லை, ஆறுக்குத்தான் பொம்மை.
கண்ணாடியை அவள் தொடவேயில்லை.

பத்துமணிக்கு வான் போய்விடும்.
பலகையின் கீழே விரித்த படங்கைச் சுருட்டி
மணலை அரிதட்டில் போட்டு அரிக்கிறேன்.
போனது இருநூறு. வந்தது நூற்றுத்தொண்ணூற்று மூன்று.
மிச்சம் ஏழு.
சோளம் எத்தனை, பிளாஸ்டிக் எத்தனை தெரியாது,
இரண்டும் ஒரே வெள்ளை.

டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பெண்மான்
தலை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறது.
வாய் அசைகிறது.
சிராஜுதீனின் கச்சான் கோதாய் இருக்கவேணும்.