பின்வரிசையில் மூன்றாவது ஆள்

உச்சிப்புளி ஓடுபாதையில்
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
கச்சான் காற்று மணலை வாரி
ஹேங்கர் கதவில் அடிக்கிறது.

என் லாக்கர் கதவின் உட்புறம்
ஒரு நகல் படம்.
அலபாமா, டஸ்கீகி, போர்க்காலம்.
இறக்கையடியில் பதினோரு கறுப்பு விமானிகள்.
தோல் தொப்பி, பாராசூட் வார்,
வெயிலுக்குச் சுருங்கிய கண்கள்.
கீழே பத்துப் பெயர்கள்.
பின்வரிசையில் மூன்றாவது ஆளுக்கு மட்டும்
'அடையாளம் தெரியவில்லை.'

இவர்களுக்கு நெஞ்சுரம் போதாதென்று
ராணுவக் கல்லூரியே
அறிக்கை எழுதி வைத்திருந்த நாடு.
அதே நாட்டில் இன்னொரு கல்லூரி,
மாணவர்களே மண் மிதித்து, செங்கல் அறுத்துக் கட்டியது.
மூன்று சூளை கெட்டுப்போயின.
நாலாவதுக்கு
அடிமையாகப் பிறந்த அதன் முதல்வர்
தன் கடிகாரத்தை அடகு வைத்தாராம்.
மீட்கவேயில்லையாம்.
அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில்தான்
பிறகு ஓடுபாதை வந்தது.
(அடகுச் சீட்டு அங்கேயும் மஞ்சள்தானா?
சாயல்குடிக் கடையில்
எங்கள் வீட்டுச் சீட்டு மூன்று கிடக்கிறது.)

கல்லூரியில் சேர்ந்த அன்று கேட்டார்கள்,
'எந்த ஊரு?'
வாலிநோக்கம் பக்கம்.
'பக்கம்னா? ஊருக்குள்ளயா, காலனியா?'
கடற்படை நேர்காணலில் அது வரவில்லை.
மெஸ்ஸில் வந்தது, இந்தியில், மரியாதையாக:
முழுப் பெயர் என்ன?
முழுப் பெயரே அவ்வளவுதான்.
முத்திருளாயி.
முன்னால் நிற்கும் 'கா' என் அப்பா காத்தமுத்து.
பின்னால் ஒன்றுமில்லை.

டார்னியரில் நான் அப்சர்வர்.
கீழே தெரிவது எது என்று சொல்வது வேலை:
விசைப்படகா, ஃபைபரா, எந்தக் கரை, என்ன எண்,
கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா.
பெயிண்ட் உரிந்த எண்ணையும்
கேமராவில் இழுத்துப் படித்துவிடுவேன்.

நேற்றுத் திரும்பும்போது
வாலிநோக்கத்துக்கு மேலே தாழ வந்தோம்.
பாத்திகள். வெள்ளைச் சதுரம், வெள்ளைச் சதுரம்,
இடையில் சிலது இளஞ்சிவப்பாக.
வரப்பில் ஏழு பேர்.
ஆறு பேர் குனிந்தபடி.
ஒருவர் வாருபலகையை ஊன்றி நிமிர்ந்து
கையை நெற்றிக்குக் கொடுத்தார்.
வெயிலுக்காகத்தான் இருக்கும்.
கேமராவைத் திருப்பினேன்.
உப்பின் வெளிச்சத்தில்
முகம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

'தெரிந்தவரா?' இண்டர்காமில் விமானி.
சொல்லத் தெரியவில்லை.
கீழிருந்து பார்த்தால்
ஹெல்மெட்டுக்குள் எனக்கும் முகமில்லை.

இறங்கியதும் பதிவேட்டில் எழுதினேன்:
படகுகள் பதினான்கு, எல்லாம் நம்முடையவை.
காற்று மேற்கு, இருபது நாட்.
உப்பளத்துக்குக் கட்டம் இல்லை.

இப்போது லாக்கரைத் திறந்து
பேனாவோடு நிற்கிறேன்.
எழுதப்போவதில்லை,
சும்மா நிற்கிறேன்.
பின்வரிசை மூன்றாமவருக்கு
இடது காது கொஞ்சம் பெரிது.
தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால்
சொல்லிவிடுவார்கள்.